வருந்தப்படுகிறது

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் படித்த என் வயதுக்காரர்களுக்குச் செயப்பாட்டு வினை என்றால் கரும்பலகையும் பிரம்பும்தான் ஞாபகம் வரும். ‘பூனை எலியைப் பிடித்தது’ என்பதை ‘எலி பூனையால் பிடிக்கப்பட்டது’ என்று திருப்பிப் போடுவோம். பூனையும் எலியும் இடம் மாறிக்கொள்ளும். மணி அடித்ததும் மறந்துவிட்டு வீட்டுக்குப் போவோம். எனக்கோ அந்த இலக்கணம் பள்ளிக்கூடம் போகுமுன்பே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அது வந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி சொன்னால் யாருக்கும் வேலை போகாது.

இலங்கை மலைநாட்டில், எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா பெரிய கிளாக்கர். மாத்தளை டவுனில் புடவைக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். கடை நொடித்தபின், இங்கிலீஷ் தெரியும் என்ற ஒரே பலத்தில் மலை ஏறினார். தோட்டத்தை நடத்தும் துரை வாயால் சொல்வதைக் கடிதமாக்குவதுதான் அவர் வேலையில் பாதி. கொழும்புக் கம்பெனிக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்கு, சாக்கு விற்பவருக்கு, தேயிலைப் பெட்டிக்குப் பலகை அறுப்பவருக்கு என்று தினமும் கடிதம் போகும். ஆபீஸில் கறுப்பு டைப்ரைட்டர் ஒன்று இருந்தது. வரி முடிகிறபோது அது ஒரு மணி அடிக்கும். எங்கள் குவாட்டர்ஸ் வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும் எனக்கு அது கேட்கும். அப்பாவின் விரல் நுனிகளில் எப்போதும் கார்பன் தாளின் ஊதா இருக்கும். சோறு பிசையும்போதுகூட அந்த ஊதா தெரியும்.

துரை ஆரம்பத்திலேயே அப்பாவிடம் ஒன்று சொல்லியிருந்தாராம். வியாபாரக் கடிதத்தில் ‘நான்’ வரக்கூடாது, ‘துரை’ வரக்கூடாது, ஆள் எவனுமே வரக்கூடாது. காரியம் மட்டும் நடந்திருக்க வேண்டும். பெட்டிகள் அனுப்பப்பட்டன. தாமதம் கவனிக்கப்பட்டது. உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, ஆனால் ஏற்கப்பட இயலாதெனக் காணப்பட்டது. கெட்ட செய்தி என்றால் தொடக்கத்திலேயே ‘இட் இஸ் ரிக்ரெட்டட்’ என்று போட்டுவிட வேண்டும்.

அக்கா அதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். “வருந்தப்படுகிறது.”

“யாரு வருந்துறாங்க?” என்று கேட்பேன்.

“யாருமில்ல. வருத்தம் மட்டும் இருக்கு” என்று சிரிப்பாள்.

அக்கா எனக்கு வெகுவாக மூத்தவள். மாத்தளையில் மிஷன் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவளை அப்பா பாதியில் கூட்டி வந்துவிட்டார். வயது வந்த பெண்ணை வெளியே விட்டுவைக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னதாக மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். நிஜமான காரணம் அவருடைய கண். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் ஆள் தெரியும், எழுத்துத் தெரியாது. மங்கலாகிவிட்டால் ஆளும் தெரியாது. நம்மில் பாதிப்பேர் இன்று அதை எடுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்தக் காலத்திலும் கொழும்பில் அதற்கு வைத்தியம் இருந்திருக்கிறது. ஆனால் லீவு கேட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால், கண் தெரியாத கிளாக்கரைத் துரை ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார் என்று அப்பா நம்பினார். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும்.

அதனால் வீட்டில் ஒரு ஏற்பாடு நடந்தது. வந்த கடிதங்களை அப்பா கோட்டுக்குள் வைத்து மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவருவார். அக்கா வாசித்துக் காட்டுவாள். பதிலுக்குத் துரை சொன்னதை அப்பா சொல்வார். அக்கா அதைக் கடித பாஷையில் எழுதி, வரிவரியாகப் படிப்பாள். அப்பா அறைக்குள் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வார். பிறகு ஆபீஸுக்குப் போய்த் தட்டுவார். எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று அவர் விரல்களுக்குத் தெரியும். என்னைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எங்கேயும் போவார். தாயில்லாப் பிள்ளைமேல் கிளாக்கருக்கு எவ்வளவு பாசம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். பள்ளம் வந்தால் நான் அவர் விரலை அழுத்தவேண்டும். படி வந்தால் கையைத் தூக்கவேண்டும். அது விளையாட்டு என்றே நான் நினைத்திருந்தேன்.

என் அம்மா என்னைப் பெற்றதோடு இறந்துபோனாள். எனக்குப் பால் கொடுத்தது லயத்திலிருந்த கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி. அவளுக்கும் அப்போதுதான் ஒரு மகள் பிறந்திருந்தாள். ஒரு பக்கம் அந்த மகள், ஒரு பக்கம் நான். பால் கொடுத்தவளை நான் ‘சின்னம்மா’ என்றுதான் கூப்பிடுவேன். லயத்துப் பெண்ணைக் கிளாக்கர் வீட்டுப் பிள்ளை முறை வைத்துக் கூப்பிடுவது மற்ற ஆபீஸ்காரர்களுக்குப் பிடிக்காது. அப்பா ஒன்றும் சொன்னதில்லை. வேலை விட்டதும் நனைந்த கம்பளியைத் தோளில் போட்டபடி எங்கள் வாசலுக்கு வந்து, கொழுந்துக்கறை பிடித்த கையால் என் முகத்தைத் தடவிவிட்டுத்தான் அவள் லயத்துக்கு இறங்குவாள்.

அக்காவிடம் கற்ற பாஷையை நானும் சின்னம்மாவின் மகளும் எங்களுக்கென்று எடுத்துக்கொண்டோம். விளக்குச் சிம்னியை நான் போட்டு உடைத்தபோது, “அப்பா, சிம்னி உடைக்கப்பட்டது” என்று சொன்னேன். அப்பா சிரித்த சிரிப்பில் எனக்கு அடி விழவில்லை. இந்த வித்தையை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க, அவள் தன் வீட்டில் அதைப் பரிசோதித்துப் பார்த்தாள்.

“அம்மா, பணியாரம் திங்கப்பட்டுச்சு.”

சின்னம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். “திங்கப்பட்டுச்சா? எந்த வாயி தின்னுச்சு, அதச் சொல்லுடி மொதல்ல!”

“அது யாருன்னு போடல.”

“போடலயா? ரெண்டு பேரும் வாயத் தொறங்க. நான் மோந்து பாக்குறேன்!”

எங்கள் இரண்டு பேரின் தாடையையும் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தது, அந்த ஒற்றை அறைக் காம்பராவின் புகையோடும் வெல்ல வாசனையோடும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்போது அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளை இருந்தது.

அவளுக்கு வலி கண்ட நாளில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. காலையிலிருந்து நான் லயத்தில்தான் இருந்தேன். பெண்கள் என்னையும் சின்னம்மாவின் மகளையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வாசலோர வடிகால் கானில் ஓடும் தண்ணீரில் கிழிந்த இலைகளை விட்டுக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் அவள் என்னைப் பார்ப்பாள். நான் வேறு இலை பறித்துக் கொடுப்பேன்.

பின்னேரம் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து பார்த்தார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே சின்னம்மாவின் புருஷனிடம் சொன்னார்: “பிள்ளை குறுக்கே கெடக்குது. என்னால ஆகாது. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். சுணங்காம போ, லொறி கேளு.”

தோட்டத்தில் இருந்தது ஒரே லொறி. மறுநாள் ரயிலுக்குப் போகவேண்டிய தேயிலைப் பெட்டிகளை ஏற்றி அது தேயிலை ஆலையான ஸ்டோர் வாசலில் நின்றது. அதை எடுக்கத் துரை உத்தரவு கொடுக்கவேண்டும். துரையிடம் எதைக் கேட்பதானாலும் ஆபீஸ் வழியாகத்தான் கேட்கவேண்டும். சின்னம்மாவின் புருஷன் ஆபீஸுக்கு ஓடினார். அப்பா உடனே குடையை எடுத்துக்கொண்டு துரை பங்களாவுக்குப் போகும் பாதையில் ஏறினார். சின்னம்மாவின் புருஷன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் திருப்பத்தில் குடை மறைந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து அப்பா இறங்கி வந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு.

“லொறி கெடைக்காதாம்.”

சின்னம்மாவின் புருஷன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “சரிங்கய்யா” என்று திரும்பி ஓடினார். லயத்து ஆம்பிளைகள் மரம் வெட்டிக் கம்பு செய்து, கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, அவளை அதில் படுக்க வைத்தார்கள். தூக்கும்போது கம்பளிக்குள்ளிருந்து அவள் கை மட்டும் வெளியே வந்து மகளைத் தேடியது. மகள் பயந்து என் பின்னால் நின்றுகொண்டாள். யாரோ அந்தக் கையை உள்ளே எடுத்து வைத்தார்கள்.

மாத்தளை ரோட்டைப் பிடிப்பதற்குள் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் போய், பிள்ளையும் போய், மறுநாள் காலையில் அதே கம்பளியில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சின்னம்மாவின் புருஷன் அதிகம் பேசாதவர். ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. அப்படிப்பட்டவர் காரியமெல்லாம் முடிந்தபின் மாத்தளைக்கு நடந்துபோய், கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்து, தொழிலாளர் விஷயங்களைக் கவனிக்கிற கண்டி அதிகாரிக்கு ஒரு மனு போட்டுவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெட்டியை இறக்கிவிட்டு லொறியைக் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை?

அதிகாரி தோட்டத்துக்கு எழுதி விளக்கம் கேட்டார். துரை அந்தக் கடிதத்தை அப்பாவின் மேஜையில் போட்டார். அப்பா அதைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலோர மேஜையில் அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். கீழே பாயில் நான் படுத்திருந்தேன். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட வேகமாக எழுதினாள். பேனா முள் தாளைக் கீறியது.

“அப்பா, கேளுங்க. ‘லொறியைத் தருவதற்குத் துரை மறுத்துவிட்டார்.’ இப்படித்தான் எழுதியிருக்கேன். ஆளை ஒளிச்சுவச்சு எழுத என்னால முடியாது. செத்தது சின்னம்மா.”

“அப்படி எழுதாதம்மா.”

“ஏன்? வேலை போயிடுமா? போகட்டும். நான் டவுன்ல போய்ப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறேன். எப்படியாவது பொழச்சுக்கலாம்.”

“அதுக்கில்லம்மா.”

“பின்ன எதுக்கு?”

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தொரை மறுக்கல.”

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

“நான் கேக்கவே இல்ல.”

வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. அப்பா மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். முதல் திருப்பம் தாண்டியதும் பனி மூடிவிட்டதாம். எங்கும் ஒரே வெள்ளை. படிக்கட்டு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லையாம். ஒருதரம் கால் வழுக்கித் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டாராம். கையைப் பிடிக்க நானும் அன்றைக்குக் கூட இல்லை. விழுந்தால் பங்களா வேலையாட்கள் ஓடிவருவார்கள், குருடனைப் பிடித்து வருவதுபோலத் துரை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

“கொஞ்சம் பனி வெலகட்டும்னு நின்னேம்மா. வெலகல. சத்தம் போட்டுப் பாக்கலாமான்னு நெனச்சேன். அதுவும் செய்யல. எறங்கிட்டேன்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பாரா?”

“தெரியல. பெட்டி ஏத்தியிருக்குது, முடியாதுன்னும் சொல்லியிருக்கலாம். குடுத்தும் இருக்கலாம். தெரியாது.”

“இப்ப தொரை உங்களக் கேக்கலயா?”

“கேட்டாரு. பெட்டிய எறக்க நேரம் பத்தாதுன்னு நினைக்கப்பட்டது சார்னு சொன்னேன். யாரு நெனச்சதுன்னு அவர் கேக்கல. பேரு எதுவும் வேணாம், வழக்கம்போல எழுதுன்னுட்டாரு.”

அக்கா எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்ப ‘நான் கேட்கவில்லை’ன்னு எழுதணும். எழுதட்டுமாப்பா?”

அப்பா தலையைத் திருப்பினார். நான் படுத்திருந்த பாய்க்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் தரையைப் பார்த்து, “சின்னப் பாப்பா எங்க?” என்றார்.

“இங்கதான் இருக்கேம்ப்பா.”

“இவளக் கூட்டிக்கிட்டு எங்கம்மா போறது?”

அக்கா அந்தத் தாளைக் கிழித்தாள். வேறு தாள் எடுத்தாள். இந்தமுறை பேனா சத்தமே போடவில்லை. அவள் எழுதியது இதுதான்: வருந்தப்படுகிறது. நோயாளியின் நிலைமை குறித்து அறிவிக்கப்பட்டது. அந்நேரத்தில் வாகன வசதி செய்யப்பட இயலவில்லை. செய்யப்படக்கூடிய உதவிகள் செய்யப்பட்டன.

விரல் வைத்துப் பொய் என்று காட்ட அதில் ஒரு சொல் கிடையாது. அதுவரை அவள் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் மிக நன்றாக அமைந்தது என்று, பின்னாளில் இங்கிலீஷ் தெரிந்தவளாக நான் சொல்லமுடியும்.

சின்னம்மாவின் மகள் அப்போதெல்லாம் பகலில் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அப்பா அறைக்குள் நடந்து நடந்து அந்த வரிகளை மனப்பாடம் செய்தபோது, நாங்கள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். இங்கிலீஷ் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்த ராகம் பிடித்துப்போய், அவளும் அப்பாவோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ‘குட் நாட் பி அரேஞ்ச்ட்’ என்று அவர் சொல்ல, அவளும் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாள். அப்பா நின்றுவிட்டார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் அங்கே என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து டைப்ரைட்டர் மணி கேட்டது. வழக்கத்தைவிட நெடுநேரம் விட்டுவிட்டுக் கேட்டது.

கண்டியிலிருந்து சின்னம்மாவின் புருஷனுக்குப் பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம். லயத்தில் யாருக்கு இங்கிலீஷில் கடுதாசி வந்தாலும் கிளாக்கர் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். அவரும் கொண்டுவந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அப்பா, “கண்ணாடிய ஆபீஸ்ல வச்சிட்டேன், பெரிய பாப்பாகிட்ட குடு” என்றார். அப்பாவிடம் கண்ணாடியே கிடையாது.

அக்கா வாசித்துத் தமிழில் சொன்னாள். “உங்க மனு விசாரிக்கப்பட்டது. புகாருக்கு ஆதாரம் காணப்படலை. மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது.”

“விசாரிச்சாங்களா? யாரு விசாரிச்சாங்க, பெரிய பாப்பா? என்கிட்ட யாரும் வந்து கேக்கலயே.”

“விசாரிக்கப்பட்டதுன்னு இருக்கு.”

“யாருன்னு?”

“யாருன்னு போடல.”

“நம்ம ஐயா போயி தொரைகிட்ட லொறி கேட்டாரே, அது எழுதியிருக்கா இதுல?”

அக்கா கடிதத்தை மடித்தாள். “இல்ல.”

“அத விட்டுட்டாங்களே. ஐயா மழையில மேல ஏறிப் போனத நான் பாத்தேனே. தொரை முடியாதுன்னுட்டான், அதுக்கு ஐயா என்ன செய்வாரு? ஐயாவ ஒரு வார்த்த கேட்டிருந்தா வெளங்கியிருக்கும்.” அவர் உள்ளே எட்டிப் பார்த்து அப்பாவுக்குக் கும்பிடு போட்டார். அப்பா பதிலுக்குக் கும்பிடவில்லை. கும்பிட்டது அவருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த மாதம் துரை சின்னம்மாவின் புருஷனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம், வெளியேறலாம் என்கிற சீட்டு அது. காரணம் எழுதவேண்டியதில்லை. அதுவும் அப்பாவின் டைப்ரைட்டரில்தான் அடிக்கப்பட்டது. ஆமாம், அடிக்கப்பட்டது என்றுதான் எனக்கும் எழுத வருகிறது. ஊருக்குப் போய்விடுவதாக, கடல் தாண்டி அவர் தகப்பன் பிறந்த ஊருக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போவதாக, லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

போவதற்கு முன்தினம் சாயந்தரம், வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிக்கொள்ள வந்தார். கால் கட்டிய பெட்டைக்கோழி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சின்னம்மா வளர்த்தது.

“இத நீங்க வச்சுக்குங்கய்யா. கொண்டுபோக முடியாது. விக்க மனசு வரல.”

நீட்டினார். அப்பாவும் கையை நீட்டினார். இரண்டு கையும் சந்திக்கவில்லை. அப்பாவின் கை கோழியைத் தாண்டிக் காற்றில் துழாவியது. கோழி சிறகடித்தது. சின்னம்மாவின் புருஷன் கோழியை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, அப்பாவின் முகத்துக்கு முன்னால் தன் கையைக் கொண்டுபோய் இப்படியும் அப்படியுமாக அசைத்தார். அப்பா சும்மா நின்றுகொண்டிருந்தார்.

அவர் அக்காவைப் பார்த்தார். “எத்தன நாளா, பெரிய பாப்பா?”

“ரொம்ப நாளா.”

“யாருக்கும் தெரியாதா?”

தெரியாது என்று அக்கா தலையை ஆட்டினாள்.

“இந்தக் கண்ண வச்சுக்கிட்டா ஐயா, அன்னைக்கு எனக்காக மேல ஏறுனீங்க?” என்று சொல்லிக்கொண்டே அவர் தடாலென்று அப்பாவின் காலில் விழுந்துவிட்டார். நெற்றி தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. பெரிய மனிதர் ஒருவர் அப்படித் தேம்பி அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. சின்னம்மாவைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

அப்பா வாயைத் திறந்தார். அக்கா அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏதோ வரப்போகிறது என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

“எந்திரிப்பா” என்றார் அப்பா. “எந்திரி.”

அவ்வளவுதான்.

சின்னம்மாவின் புருஷன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேங்கய்யா. செத்தாலும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பத்துச்சீட்டு வாங்கியவர்களை மாத்தளை ஸ்டேஷனில் விடுவதற்குத் தோட்டத்து லொறியே வந்தது. அதற்குத் துரை ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. அதில் ஏறுவதற்கு முன் சின்னம்மாவின் மகள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே நந்தியாவட்டைப் பூக்கள், பனி ஈரம் காயாமல் இருந்தன. கோயில் பக்கத்துச் செடியில் அவள் அப்பா விடியும்போதே போய்ப் பறித்திருக்கிறார்.

“கண்ணுக்காம். கசக்கிச் சாறு விடணுமாம். வாடுறதுக்குள்ள விடச் சொல்லுச்சு எங்கப்பா” என்று மூச்சு வாங்கச் சொன்னாள். கீழே லொறி ஹோர்ன் அடித்தது. “நீ அழாத” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள். நான் அழவில்லை. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்துப் பிடித்து, பூக்களை வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்தாள். நந்தியாவட்டைச் சாறு எரியாது. எனக்குக் கண்வலி வந்தபோதெல்லாம் சின்னம்மா அதைத்தான் விடுவாள், குளிர்ச்சியாக இருக்கும். முதல் சொட்டு விழுந்ததும் அப்பா அலறிவிட்டார்.

அவர் பார்வை திரும்பவில்லை. அடுத்த மழைக்காலத்தில், கார்பன் தாளைத் தலைகீழாக வைத்து ஒரு கடிதம் முழுவதையும் தட்டி, நகல் என்று வெறும் தாளைத் துரை கையில் கொடுத்தபோது பிடிபட்டார். எந்த வேலையைக் காப்பாற்ற அக்கா கண்டிக்கு அந்தப் பதிலை எழுதினாளோ, அந்த வேலை ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. நாங்கள் மாத்தளைக்கு இறங்கி, ஒரு மிளகுக் கடையின் பின்கட்டில் குடியிருந்தோம். அக்கா அந்தக் கடைக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் இங்கிலீஷ் கடிதம் எழுதி எங்களைக் காப்பாற்றினாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா பல வருஷம் இருந்தார். எல்கடுவைப் பக்கத்து ஆட்கள் கடைக்கு வந்து தோட்டத்துக் கதை பேசினால், எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விடுவார். சின்னம்மாவின் பெயரை அவர் வாயால் நான் கேட்கவே இல்லை.

அக்காவின் கடைசி நாட்களில் ஒருமுறை, அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். “அன்னைக்குக் கோழி கொண்டுவந்தாரே, அப்பதான் நீயாவது சொல்லியிருக்கலாமே. ஏங்க்கா சொல்லல?”

அவள் கஞ்சியைக் கையால் விலக்கினாள்.

“சொல்லியிருந்தா அவர் அப்பாவ மன்னிச்சிருப்பார்” என்றாள். “அதுக்குப் பயந்துதான் சொல்லல.”